அரை நொடிக்கு ஒரு சொல்

தீர்ப்பு வந்த நேரத்தில் இந்திராணி ஒரு வேற்றுக்கிரகத்து ஜந்துவைத் தமிழில் அழவைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு நான்கு வாய். எந்த வாய்க்கு வசனத்தைப் பொருத்துவது என்று அவளும் ஒலிப்பதிவாளர் பிரான்சிஸும் வடபழனி டப்பிங் தியேட்டரில் அரைமணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹாலிவுட் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுத வந்து இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. வாயசைவுக்குச் சொல் தேடுவதுதான் பிழைப்பு. வீட்டில் விருந்தாளி பேசினால்கூட அவள் கண் அவர்கள் உதட்டில்தான் இருக்கும்.

போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவள் உட்கார்ந்துவிட்டாள்.

“காத்தமுத்து. தோட்டத் தொழிலாளி. முந்நூற்றுப் பதினோராம் கிலோமீட்டர் முகாம். நிலை: தப்பியோடியவர். நினைவுச்சுவரில் பெயர் பொறிக்க இயலாது.”

காத்தமுத்து அவளுடைய தாத்தா. அப்பாவைப் பெற்றவர். மலாயாவில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவரை, யுத்தத்தின்போது ஜப்பான்காரன் லாரியில் ஏற்றி, இன்று தாய்லாந்து என்கிற சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனான். அப்பாவுக்கு அப்போது ஏழு மாதம். அந்தப் பாதையில் வெள்ளைக்காரக் கைதிகள் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, கல்லறை இருக்கிறது, கல்லறைமேல் புல் வெட்ட ஆள் இருக்கிறது. தமிழன் எத்தனை பேர் செத்தான் என்று கேட்டால் ஆளுக்கொரு எண்ணைச் சொல்வார்கள். இப்போதுதான் ஐந்தாறு நாடுகள் சேர்ந்து, செத்த கூலிகளுக்கும் ஒரு சுவர் எழுப்புகின்றன. செத்தவர்கள் பெயர் மட்டும்தான் அதில் ஏறும். யார் செத்தார், யார் ஓடினார் என்பதை ஒப்புநோக்கி சொல்லும்.

ஒப்புநோக்கி என்பது ஓர் இயந்திரம். வரலாற்றுக்காக அடித்துக்கொண்டு அலுத்துப்போன தேசங்கள், மனுஷன் சொன்னால்தானே சண்டை, இயந்திரம் சொல்லட்டும் என்று அதன் கையில் பொறுப்பை ஒப்படைத்துவிட்டன. எட்டு வருஷமாக அது சொல்வதுதான் பாடப்புத்தகம், அது சொல்வதுதான் கல்வெட்டு.

“என்ன ராணி, யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்றார் பிரான்சிஸ்.

“அப்பாகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல,” என்றாள் அவள்.

அப்பா துரைக்கண்ணுவுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. கண்ணில் நீர் அழுத்தம் வந்து பார்வை மங்கி, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகிறது. காது மட்டும் இருபது வயசுக்காரன் காது. நாள் முழுக்க டிவியைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அன்று மாலை காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள். எவ்வளவோ பூசி மெழுகிப் பார்த்தாள். அவர் குறுக்கே விழுந்து, “என்ன வார்த்தை போட்டிருக்கான், அதைச் சொல்லு,” என்றார்.

“தப்பியோடியவர்னு.”

அவர் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தார். “அங்கயும் அதே சொல்லா?”

அதற்கப்புறம்தான், ஐம்பத்து நாலு வயசில் முதல்முறையாக, இந்திராணிக்கு அந்தக் கதை தெரிந்தது. யுத்தம் முடிந்து சயாமிலிருந்து திரும்பிய ஒரே ஒரு ஆள், தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லயத்து வாசலில் நின்று, “காத்தமுத்து போயிட்டான்,” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டானாம். அப்பாவின் அம்மா மாரியாயி அன்றைக்கே தாலியைக் கழற்றினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறிப் புருஷன் ஊரான முசிறிக்கு வந்தாள். முசிறிப் பங்காளிகள் விடவில்லை. போயிட்டான் என்றால் எங்கே போனான்? எவளோடு போனான்? துரைக்கண்ணு பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும், பெண் பார்க்கப் போனபோதும், பங்காளிச் சண்டையில் வரப்பு வெட்டும்போதும், ஓடிப் போனவன் மவன் என்றே பேர்.

“சுவத்துல பேரு வரட்டும், போட்டோ புடிச்சு முசிறிக்கு அனுப்பலாம்னு இருந்தேன்,” என்றார் அப்பா. “அவனுவளும் செத்துட்டானுவ. அவனுவ பேரப்புள்ளைக்காவது அனுப்பணும் பாப்பா.”

இவருக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

மறுநாள் இந்திராணி கிண்டியிலிருந்த ஒப்புநோக்கியின் உதவி மையத்துக்குப் போனாள். அதே முகாமுக்காக மனுப் போட்ட மற்றக் குடும்பங்களும் வந்திருந்தன. மொத்தம் பதினேழு மனு. பதினேழும் ஒரே மாதிரி தள்ளுபடி. திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்த ஒருவர் தன் பெரியம்மா நல்லம்மாளின் மங்கிய படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, “பொம்பளைங்க அந்தக் காட்டுல எங்கங்க ஓடுவாங்க?” என்று எதிரில் வந்தவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கவுண்டரில் இருந்தவள் ஷாகிரா. முப்பது வயசிருக்கும். கோபப்பட்டுக் கத்துகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய முகம்.

“மேடம், அந்த முகாம்ல காலரா வந்துச்சு, அது பதிவுல இருக்கு. ஆனா கூலிகள் பேரேட்டை ஜப்பான்காரங்க போகும்போது எரிச்சிட்டாங்க. அதனால என்ன ஆனாங்கன்னு ஒப்புநோக்கி வேற சாட்சியங்களை ஒப்பிட்டுத்தான் முடிவு பண்ணியிருக்கு.”

“என்ன சாட்சியம்?”

ஷாகிரா திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம் தயங்கினாள். “முக்கியமா ஒரு படம் மேடம். சினிமா.”

“சினிமாவா?”

“சும்மா சினிமா இல்ல. வரலாற்றுத் துல்லியம் நூத்துக்கு எண்பத்தொன்பதுன்னு சான்றிதழ் வாங்கின படம். அப்படி வாங்கிட்டா ஆவணமாத்தான் எடுத்துக்கும்.”

“எதை வெச்சு எண்பத்தொன்பது?”

“யூனிஃபார்ம், பித்தான், துப்பாக்கி, லாரி, விமானத்தோட மாடல்... எல்லாம் அச்சு அசலா இருக்காம். அமெரிக்க விமானி ஒருத்தர் சுடப்பட்டுக் காட்டுக்குள்ள விழுந்து, இதே முந்நூத்திப் பதினோராம் கிலோமீட்டர் முகாமை மீட்கிற கதை. தமிழ்ல ‘காட்டுக்குள் ஒரு கழுகு’ன்னு வந்துச்சு. நீங்க பார்த்திருப்பீங்க, ஞாயித்துக்கிழமை ஆனா டிவில போடுவான்.”

பார்த்திருக்கிறாளாவது! பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அதற்கு வசனம் எழுதியவளே அவள்தான்.

“அந்தப் பாதையில அமெரிக்காக்காரன் வந்து எந்த முகாமையும் மீட்கலியேம்மா,” என்றாள்.

“அது எனக்கும் தெரியும் மேடம், நான் ஹிஸ்டரி படிச்சவ. ஆனா படம் முப்பத்தோரு மொழியில வந்திருக்கு. ஒவ்வொரு மொழியும் அதுக்கு ஒரு சாட்சி. முப்பத்தோரு பேர் ஒரே மாதிரி சொன்னா நம்பாம என்ன செய்யும்? இன்னொண்ணும் இருக்கு. பாதிக்கப்பட்டவங்களோட தாய்மொழியில வர்ற சாட்சிக்கு மூணு மடங்கு எடை. உங்க மக்கள் குரல் கேட்கணும்னு நல்ல எண்ணத்துலதான் அந்த விதியைப் போட்டாங்க. மத்த முப்பது மொழியிலயும் கூலிகள் என்ன ஆனாங்கன்னு தெளிவா இல்ல. தமிழ்ல மட்டும் தெளிவா இருக்கு.”

“என்ன இருக்கு?” என்று கேட்டாள், பதில் தெரிந்திருந்தும்.

ஷாகிரா படித்தாள். “‘ஓடிப் போயிட்டாங்க, சார்.’”

வீட்டுக்குப் போகும் மெட்ரோவில் அந்த நாள் ஒவ்வொரு நொடியாக ஞாபகத்துக்கு வந்தது. மாதத்துக்கு நாலு படம் செய்த காலம். கழுகுப் படத்தில் தமிழ்க் கூலிகள் வருவதே மொத்தம் நாற்பது நொடி. விமானத்தின் ஒவ்வொரு ஆணிக்கும் ஆராய்ச்சி செய்தவர்கள், கூலிகளுக்கு ராஜஸ்தான் தலைப்பாகையைக் கட்டிவிட்டுக் கையில் டோலக்கைக் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்து அவளும் பிரான்சிஸும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த காட்சியில் குடிசைகள் காலியாகக் கிடக்கும். கூலிகள் எங்கே என்று விமானி கேட்பான். சார்ஜென்ட், “தே ஆர் ஆல் கான், சர்,” என்பான். செத்தார்களா ஓடினார்களா என்று எழுதியவனுக்கே அக்கறை இல்லை.

அவள் முதலில் எழுதியது, “போயிட்டாங்க, சார்.” சரியான சொல். தமிழில் செத்தாலும் அதுதான், கிளம்பினாலும் அதுதான்.

“ஒட்டலியே ராணி,” என்றார் பிரான்சிஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. “அவன் வாயைப் பொளந்துக்கிட்டு ஆரம்பிக்கிறான். நீ ‘போ’ன்னு உதட்டை மூடுறே. முன்னாடி ஒரு அரை நொடி வேணும். வாயைத் திறக்கிற எழுத்தா போடு.”

அவள் யோசிக்கக்கூட இல்லை. ஓ! ‘ஓடி’ என்று சேர்த்தாள். ‘போ’ வரும்போது சார்ஜென்ட் தலையைத் திருப்பிக்கொள்கிறான், முதுகுக்கு எந்தச் சொல்லும் பொருந்தும். கச்சிதமாக உட்கார்ந்தது. பிரான்சிஸ் கட்டைவிரலை உயர்த்தினார். இரண்டு பேரும் டீ குடிக்கப் போனார்கள்.

சொந்தத் தாத்தா அந்தப் பாதையில்தான் போனார் என்பது அவளுக்கு அன்றைக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் காலிக் குடிசைக்கும் தன் குடும்பத்துக்கும் முடிச்சுப் போட அவளுக்குத் தோன்றவே இல்லை. தலைப்பாகை கட்டியிருந்தவன் யாரோ ஒருவனாக இருந்தான். அதை நினைக்க நினைக்க அவமானம் பிடுங்கித் தின்றது.

அடுத்த வாரமே மேல்முறையீடு செய்தாள். அந்தச் சொல் என்னுடையது, மூலத்தில் இல்லை, உதட்டுக்காகச் சேர்த்தது என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிரான்சிஸும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பதில் வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஷாகிராவே அதைப் படித்துக் காட்டினாள்.

“‘மனுதாரர் காத்தமுத்துவின் பேத்தி. பெயர் பொறிக்கப்படுவதில் அக்கறை உள்ளவர். எனவே தற்போதைய கூற்றுக்கு எடை குறைவு. முந்தைய கூற்று, எந்த ஆதாயமும் எதிர்பார்க்காமல், அதே பேத்தியால், தாய்மொழியில் சொல்லப்பட்டது. எனவே அதற்கு எடை கூடுதல்.’”

“என்னம்மா இது?”

“இதுவரைக்கும் அது சும்மா தமிழ்ச் சாட்சி மேடம். இப்ப குடும்பமே சொன்ன சாட்சி ஆயிடுச்சு.” ஷாகிரா குரலைத் தாழ்த்தினாள். “நீங்க வராம இருந்திருந்தாகூட நல்லா இருந்திருக்கும். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. வருஷா வருஷம் தை மாசம் எல்லாத் தீர்ப்பையும் அது தானா திருப்பிப் பார்க்கும். புதுச் சாட்சி வந்தா மாறும். ஆனா அது உங்களோடதா இருக்கக் கூடாது.”

பேசியது பொய், நம்பியது இயந்திரம். உண்மையைச் சொன்னால் ஆதாயக்காரி. இந்திராணி ஒரு மாதம் தூங்கவில்லை. அப்பா எதுவும் கேட்கவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் டிவி ரிமோட்டைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். கழுகுப் படம் வந்துவிடுமோ, வந்தால் அந்தச் சொல் அவர் காதில் விழுந்துவிடுமோ என்று விளம்பரம் ஓடும்போதே சேனலை மாற்றினாள்.

ஆவணியில் பிரான்சிஸ் கூப்பிட்டார். “கழுகு ரெண்டாம் பாகம் வந்திருக்கு. அதே கம்பெனி, அதே முகாம். இந்தத் தடவை விமானியோட தம்பி. வேண்டாம்னா சொல்லு, வேற ஆளைப் போட்டுக்கறேன்.”

“சான்றிதழ் இருக்கா?”

“தொண்ணூத்திரண்டாம்.”

“வர்றேன்,” என்றாள்.

படம் ஒன்றும் திருந்தியிருக்கவில்லை. தலைப்பாகை மட்டும் போயிருந்தது. கடைசியில் தம்பிக்காரன் முகாம் கதவை ஜீப்பால் இடித்துக்கொண்டு வர, கூலிகள் கையை உயர்த்தி ஆரவாரம் செய்கிறார்கள். இருபது நொடி. முகம் தெரியாத தூரத்தில், புழுதிக்குள். வசனத் தாளில் அந்த இடத்தில் ஒரே வரிதான் இருந்தது: ‘கூலிகள் கூச்சல். விருப்பம்போல்.’

இந்திராணி அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“கூச்சலை மூலத்தோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்களா?”

“கூச்சல்ல என்னத்தை ஒப்பிடறது? ஹேன்னு கத்தினா எல்லா ஊர்லயும் ஹேதான்.” சொல்லிவிட்டு பிரான்சிஸ் அவள் முகத்தைப் பார்த்தார். “ராணி, வேண்டாம். பிடிச்சாங்கன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகணும்.”

“அன்னிக்கு நீங்க அரை நொடி கேட்டீங்க, கொடுத்தேன். இன்னிக்கு எனக்கு இருபது நொடி வேணும்.”

அவர் மைக்கைத் திறந்துவிட்டார்.

கூட்டச் சத்தம் போட எட்டுப் பேர் வந்திருந்தார்கள். மனுக்களில் இருந்த பதினேழு பெயரையும் பிரித்துக் கொடுத்தாள். காத்தமுத்து போயிட்டாரு. நல்லம்மா போயிட்டா. சடையன் போயிட்டாரு. வாந்திபேதியில போயிட்டாங்க. ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து கத்தினார்கள். தியேட்டரில் பார்க்கிறவன் காதுக்கு வெறும் இரைச்சல். இயந்திரத்துக்கு இரைச்சல் என்று ஒன்று கிடையாது. எழுத்துப் போடும் இடத்தில் ‘தமிழ் வசனம்’ என்பதற்கு நேரே பிரான்சிஸ் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி அவள் கேட்டது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

ஐப்பசியில் படம் வெளியானது. தை வரைக்கும் ஒவ்வொரு போன் மணிக்கும் செத்துப் பிழைத்தாள். கம்பெனிக்காரன் கண்டுபிடித்துவிட்டானோ, ஒப்புநோக்கி வசனம் எழுதியது யாரென்று துருவித் தன் பக்கம் வந்துவிடுமோ, அதற்குள் அப்பா கண்ணை மூடிவிடுவாரோ. மூன்றும் மாறி மாறி வந்து அரித்தன.

தை பத்தாம் தேதி செய்தி வந்தது. பதினேழு மனுவும் ஏற்கப்பட்டன. மாசியில் சுவரின் புகைப்படமும் வந்தது. திருத்துறைப்பூண்டிக்காரர் போனில் வாய்விட்டு அழுதார். இந்திராணி படத்தைப் பெரிய டேப்லட்டில் போட்டுக்கொண்டு அப்பாவிடம் ஓடினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் பெயருக்குக் கீழே இருந்ததை முழுசாகப் படித்தாள்.

வெள்ளைக் கல்லில் ஆங்கிலத்தில் வெட்டியிருந்தது. காத்தமுத்து. அதன் கீழே ஒரு நீண்ட வரி: அமெரிக்க வீரர்கள் முகாமை விடுவித்த நாளில், நன்றிப் பெருக்குடன் ஆரவாரம் செய்தவாறே உயிர்நீத்தவர்.

கூச்சலில் இருந்த பெயரை எடுத்துக்கொண்ட இயந்திரம், கூச்சல் நடந்த காட்சியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருந்தது.

“வந்துருச்சா? படி பாப்பா,” என்றார் அப்பா. டேப்லட்டை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். வெளிச்சத்தின்மேல் கறுப்பாகக் கோடு ஓடுவது அவருக்குத் தெரிந்தது. அதன் தொடக்கத்தில் விரலை வைத்தார்.

“காத்தமுத்து,” என்றாள்.

“அது சின்னதா மேல இருக்கு. கீழ நெறய எழுதியிருக்கே.”

விரல் நகரத் தொடங்கியது. மெதுவாக, இடமிருந்து வலமாக. இந்திராணியின் கண் தானாக விரல்மேல் போய் நின்றது, வாய் தானாகத் திறந்தது. “முந்நூத்திப் பதினோராவது கிலோமீட்டர்ல... வாந்திபேதி கண்டு... போயிட்டாரு. பெண்சாதி மாரியாயி. மகன் துரைக்கண்ணு.”

விரலும் சொல்லும் ஒரே இடத்தில் நின்றன. ஒரு எழுத்து மிச்சமில்லை.

அப்பா விரலை எடுக்கவில்லை.

“நல்லா பொருத்துற பாப்பா,” என்றார். “அந்தக் கழுகுப் படத்துலயும் இப்படித்தான். கச்சிதமா இருந்துச்சு.”

எத்தனை ஞாயிற்றுக்கிழமை! பதினெட்டு வருஷமாக இவர் அதைக் கேட்டுக்கொண்டா இருந்தார்? முசிறியில் கேட்டது போதாதென்று, பெற்ற மகள் எழுதி, வீட்டுக்குள்ளேயே?

“ஏம்ப்பா ஒரு வார்த்தை சொல்லல?”

“உன் பேரு போட்டான்ல, படம் ஆரம்பிக்கும்போது. பக்கத்துல இருந்தவங்கள வாசிக்கச் சொல்லி கேட்டேன், சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் அந்த இடம் வந்துச்சு.” அவர் டேப்லட்டைத் தட்டினார். “கல்லுல நெசமா என்ன போட்டிருக்கான்? அதச் சொல்லு.”

அவள் சொன்னாள். எந்த உதட்டுக்கும் பொருந்தாத தமிழில், அமெரிக்க வீரர்கள், நன்றிப் பெருக்கு, ஆரவாரம் எல்லாவற்றையும் அப்படியே சொன்னாள். தான் செய்ததையும் சொன்னாள்.

“அமெரிக்காக்காரனா? அங்க எவன் வந்தான்?” அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. “மாத்தச் சொல்லி மனுப் போட்டா?”

“எப்படிப் பேரு வந்துச்சுன்னு தோண்டுவாங்கப்பா. பதினேழு பேரையும் எடுத்துடுவாங்க.”

அவர் டேப்லட்டை அணைத்து அவள் கையில் கொடுத்தார். முசிறிக்கு அனுப்பச் சொல்லவில்லை.

“அது அவங்க கல்லு, இருக்கட்டும்,” என்றார். “நீ மொதல்ல ஒண்ணு சொன்னியே, அத இன்னொரு தடவை சொல்லு.”

இந்திராணி சொன்னாள். இந்தத் தடவை அவர் கைகள் மடியில் சும்மா இருந்தன. நீளம் பார்த்துச் சொல்லைப் பொருத்த வேண்டியிருக்கவில்லை.